குழாயில் பத்து நிமிடம், அப்பாவின் முழங்காலில் ஏழு மாதம்

2022 மார்ச் மாதம் ஒரு மதியம். சென்னையில் எங்கள் ஆய்வகத்தில் கலங்கலை ஒளியால் அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் முன்னால் உட்கார்ந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தேன். குவெட் என்ற சின்னக் கண்ணாடிக் குழாயில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா மோர் போலக் கலங்கி நின்றது. மூன்று வாரம் பாடுபட்டுப் பிரித்தெடுத்த, பாக்டீரியாவின் சுவரை அறுக்கும் நொதியில் சில மைக்ரோலிட்டரை அதில் விட்டிருந்தேன். 1.0 என்று தொடங்கிய கலங்கல் அளவு இரண்டாவது நிமிடம் 0.7, ஐந்தாவது நிமிடம் 0.4 என்று இறங்கியது. பத்தாவது நிமிடம் குவெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் பின்னால் இருந்த சுவர் கடிகாரத்தின் முள் தெரிகிறது. அத்தனை தெளிவு.

அன்று சாயங்காலம் அம்மா கோவில்பட்டியிலிருந்து ஃபோன் செய்தாள். "அப்பாவுக்குக் கால்ல தையல் போட்ட இடத்துல ஈரம் கசியுது. வீக்கம் வேற. தொட்டா சுடுது" என்றாள்.

அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் ஓடுகிற வண்டியில் நின்றே தேய்ந்த மூட்டு. பிப்ரவரியில்தான் மதுரையில் வலது முழங்காலை மாற்றியிருந்தோம். அந்தக் காலுக்குள் இருந்தது, நான் குவெட்டில் பத்து நிமிடத்தில் கரைத்த அதே கிருமிதான் என்பது எனக்குத் தெரியவர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது எங்கள் கையில் இருந்தது, நாங்கள் விட்டுவிட்டோம்.

கசிவைக் காட்ட அம்மா பக்கத்திலேயே ஒரு மருத்துவரிடம் அப்பாவைக் கூட்டிப்போனாள். ஐந்து நாள் ஆன்டிபயாடிக் மாத்திரை. கசிவு குறைந்த மாதிரி இருந்தது. மாத்திரை முடிந்ததும் திரும்ப வந்தது. வேறு மாத்திரை, ஏழு நாள். அப்புறம் ஊசி. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அடங்கி, கொஞ்சம் கூடி, ஏப்ரல் முடிந்துவிட்டது. அந்தக் கசிவிலிருந்து ஒரு துளி எடுத்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு யாரும் அனுப்பவில்லை. நுண்ணுயிரியல் படித்தவள் நான். தினமும் ஃபோனில் "மாத்திரை சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டேனே தவிர, "கல்ச்சர் எடுத்தாங்களா?" என்று ஒருநாள் கேட்கவில்லை.

செயற்கை மூட்டில் தொற்று வந்தால் தொடக்க வாரங்கள் எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். உலோகத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் பாக்டீரியா தன்னைச் சுற்றிப் பசை மாதிரி ஒரு போர்வையைக் கட்டிக்கொள்கிறது. பயோஃபிலிம் என்பார்கள். அது முற்றுவதற்குள், ஏறத்தாழ மூன்று நான்கு வாரத்துக்குள் திறந்து கழுவி, இடையில் இருக்கும் பிளாஸ்டிக் பாகத்தை மாற்றி, சரியான மருந்து கொடுத்தால் வைத்த மூட்டைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. முற்றிய பிறகு பெரும்பாலும் மூட்டையே கழற்ற வேண்டிவரும். மாத்திரை அந்தப் போர்வைக்கு வெளியே திரிகிற பாக்டீரியாவைத்தான் கொன்றது. அதனால்தான் கசிவு அடங்கி அடங்கி வந்தது.

மே மாதம் மதுரைக்குத் திரும்பக் கூட்டிப்போனோம். மூட்டிலிருந்து ஊசியில் நீர் எடுத்துக் கல்ச்சருக்குக் கொடுத்தார்கள். ஒன்றும் வளரவில்லை. "கிருமி இல்லன்னு வந்துருச்சே" என்று அம்மாவுக்குச் சந்தோஷம். எலும்பு மருத்துவர்தான் பொறுமையாக விளக்கினார்: "இல்லம்மா. இவ்வளவு மாத்திரை உள்ளே போயிருக்கு. கிருமி இருந்தாலும் தட்டுல வளராது. ஐயாவுக்குக் காய்ச்சல் இல்ல, பிரஷர் நல்லா இருக்கு. எல்லா ஆன்டிபயாடிக்கையும் ரெண்டு வாரம் நிறுத்திட்டு எடுப்போம்." மருந்தை நிறுத்துகிறார்களே என்று நாங்கள் பயந்த அந்த இரண்டு வாரம்தான் சரியான வைத்தியத்தின் தொடக்கம். இது எல்லாருக்கும் பொருந்தாது. காய்ச்சலும் நடுக்கமுமாக ரத்தத்தில் கிருமி ஏறியவருக்குக் காத்திருக்க நேரமில்லை. அவருக்கு ரத்தக் கல்ச்சரை உடனே எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். எந்த வழியானாலும் முதலில் மாதிரி, அப்புறம் மருந்து. இதை மட்டுமாவது வீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள்.

அறுவை சிகிச்சையில் மூட்டைக் கழற்றினார்கள். ஐந்து இடங்களிலிருந்து திசு எடுத்து ஐந்து தனித்தனிக் குப்பியில் ஆய்வகத்துக்குப் போனது. ஒரே இடத்தில் எடுத்தால், வளர்வது உள்ளே இருந்த கிருமியா தோலில் இருந்து ஒட்டியதா என்று சந்தேகம் வரும். பல மாதிரியில் ஒரே கிருமி வளர்ந்தால் சந்தேகம் தீரும். அப்பாவுக்கு நான்கில் வளர்ந்தது. மூட்டு இருந்த இடத்தில் ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட்டால் ஒரு தற்காலிகத் தடுப்பு வைத்தார்கள். காலை அவ்வளவாக மடக்க முடியாது.

ரிப்போர்ட்டை என் கையில்தான் கொடுத்தார்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். கீழே மருந்துகளின் பட்டியல். செஃபாக்ஸிடின் என்ற வரிக்கு எதிரே 'ஆர்', அதாவது அந்த மருந்துக்கு அடங்காது. அந்த ஒரு எழுத்து போதும். அது எம்.ஆர்.எஸ்.ஏ., மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். மெதிசிலின் மருந்து 1959இல் வந்தது. அதற்கு அடங்காத ஸ்டாஃப் 1961லேயே பிரிட்டனில் பதிவாகிவிட்டது. பென்சிலின் குடும்பத்து மருந்துகள் போய் ஒட்ட வேண்டிய புரதத்துக்குப் பதிலாக, அவை ஒட்டாத இன்னொரு புரதத்தை அந்தக் கிருமி செய்துகொள்கிறது. அப்பா இரண்டு மாதம் விழுங்கியதில் முக்கால்வாசி அந்தக் குடும்பம்தான்.

ரிப்போர்ட் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே ஓர் எண் இருக்கும். கிருமி வளராமல் தடுக்கத் தேவைப்படும் குறைந்த அளவு அது. எண் சிறிதாக இருக்கிற மருந்துதான் சக்தி வாய்ந்தது என்று நினைத்து அதைக் கேட்காதீர்கள். என் தம்பி அப்படித்தான் பட்டியலில் மிகச் சிறிய எண்ணைக் காட்டி, "இதை ஏன் போடல?" என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டான். ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு. எலும்புக்குள் எவ்வளவு போகும், சிறுநீரகம் தாங்குமா என்று பார்க்க வேண்டியது தனி. எஸ் (அடங்கும்), ஐ (இடைநிலை), ஆர் (அடங்காது) என்ற எழுத்துகளைப் பாருங்கள். மிச்சத்தை மருத்துவரிடம் விடுங்கள்.

வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடங்கினார்கள். அதை மெதுவாக ஏற்ற வேண்டும், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். ஒருநாள் இரவு டிரிப்ஸ் வேகமாக ஓடி, அப்பாவுக்கு முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பெடுத்துவிட்டது. நிறுத்தி, வேகத்தைக் குறைத்ததும் சரியானது. பக்கத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருந்தால் பதற வேண்டாம். நர்ஸைக் கூப்பிட்டால் போதும். பத்தாவது நாள், சிறுநீரகம் சிரமப்படுவதைக் காட்டும் கிரியாட்டினின் 0.9இலிருந்து 1.6க்கு ஏறியது. டெய்கோபிளானின் என்ற வேறு ஆன்டிபயாடிக்குக்கு மாற்றினார்கள்.

அந்தக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்துதான், மூன்று வருஷமாக நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை முதல்முறையாக அப்பாவுக்கு முழுசாக விளக்கினேன்.

பாக்டீரியாவுக்கும் வைரஸ் வரும். அதன் பெயர் பாக்டீரியோஃபேஜ், சுருக்கமாக ஃபேஜ். 1915இல் ஃபிரெடெரிக் ட்வார்ட்டும் 1917இல் ஃபெலிக்ஸ் தெரெல்லும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. அதற்கும் முன்னால் 1896லேயே கங்கை, யமுனைத் தண்ணீரில் காலராக் கிருமி செத்துப்போவதை எர்னஸ்ட் ஹாங்கின் எழுதிவைத்திருக்கிறார். ஃபேஜ் பாக்டீரியாவுக்குள் நுழைந்து குட்டி போடுகிறது. குட்டிகள் வெளியே வர வேண்டுமே, சுற்றிலும் சுவர். அதற்காக இரண்டு புரதங்களைச் செய்கிறது. ஒன்று உள்சவ்வில் ஓட்டை போடும். மற்றது அந்த ஓட்டை வழியாகப் போய்ச் சுவரின் வலைப்பின்னலை அறுக்கும். அந்த அறுக்கிற நொதிதான் எண்டோலைசின். நாங்கள் பேச்சில் லைசின் என்போம். மாத்திரை டப்பாவில் போட்டிருக்கும் அமினோ அமில லைசின் வேறு, இது வேறு.

"சுவரை அறுத்தா அது ஏன் சாகணும்? ஓட்டையோட இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் அப்பா.

"பஸ் டயர்ல ஒரு பக்கம் ரப்பர் கிழிஞ்சா என்னப்பா ஆகும்?"

"டியூப் பிதுங்கும். அப்புறம் டமார்னு போயிரும்."

அதேதான். ஸ்டாஃப் பாக்டீரியாவுக்குள் இருக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல இருபது மடங்கு அளவுக்கு இருக்கும், பஸ் டயரில் இருப்பதைவிட அதிகம். சுவரில் ஓரிடம் நைந்தால் உள்சவ்வு பிதுங்கி வெடித்துவிடும். அதனால்தான் நிமிடக் கணக்கில் வேலை நடக்கிறது. கிருமி பென்சிலினுக்கு அடங்குமா அடங்காதா என்பது இந்த நொதிக்கு ஒரு பொருட்டே இல்லை. அது தேடுவது சுவரை மட்டும்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்போ, வைரஸ் உள்ளே இருந்து அறுக்கிற கத்தியைப் பிடுங்கி, நீங்க வெளியே இருந்து அறுக்கிறீங்க."

நான் எழுதிய எந்த ஆய்வுச் சுருக்கத்திலும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. நியூயார்க் ராக்கெஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் ஃபிஷெட்டியின் குழு 2001இல் செய்து காட்டியது இதைத்தான்: ஃபேஜ் இல்லாமல் தனி நொதியை மட்டும் கொடுத்து, எலியின் தொண்டையில் இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸை அழித்தார்கள். அடுத்த வருஷம் ஆந்த்ராக்ஸ் கிருமிக்கும் அதேபோல ஒரு லைசினைக் காட்டினார்கள். நம் கண்ணீரிலும் முட்டை வெள்ளையிலும் இதே வகைச் சுவர் வெட்டி ஒன்று உண்டு, லைசோசைம். பென்சிலினுக்கு முன்னாலேயே ஃபிளெமிங் கண்டுபிடித்தது அது. ஸ்டாஃப் தன் சுவரில் ஒரு சின்ன வேதிமாற்றம் செய்துகொண்டு லைசோசைமிடம் தப்பிக்கிறது. ஃபேஜின் லைசினுக்கு அந்தத் தந்திரம் எடுபடுவதில்லை.

அப்பா நேரடியாகக் கேட்டுவிட்டார். "இவ்வளவு நல்ல மருந்து உங்க ஃபிரிட்ஜுல இருக்குன்னா, கொஞ்சம் கொண்டாந்து இந்தக் கால்ல ஊத்தினா என்ன தாயி?"

நானும் அதைத்தான் இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். பிரான்சில் லியோன் நகர மருத்துவமனையில் இதைச் செய்திருந்தார்கள். திரும்பத் திரும்பத் தொற்று வந்த முழங்கால் மூட்டு, மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், நான்கு நோயாளிகள். துளை வழியாக மூட்டைக் கழுவி, எக்ஸிபேகேஸ் என்ற லைசினை உள்ளே செலுத்தி, கூடவே ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார்கள். அந்தக் கட்டுரையை மனப்பாடம் ஆகும்வரை படித்தேன். நான்கு பேரை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது என்று படிப்பு சொன்னது. அப்பா கால் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

சென்னைக்குத் திரும்பி, எங்கள் ஆய்வகத்தை நடத்தும் மேடத்திடம் கேட்டேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"நம்ம ஃபிரிட்ஜுல இருக்கிறது மருந்து இல்லம்மா, புரதம். அதை எதுக்குள்ள வளர்த்தே?"

"ஈ. கோலை, மேடம்."

"எண்டோடாக்சின் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. எலி வரைக்கும்கூடப் போகாத வேலை எங்களுடையது. நொதியைச் செய்ய நாங்கள் வளர்க்கும் ஈ. கோலை பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சு ரத்தத்தில் கலந்தால் காய்ச்சல், நடுக்கம், ரத்த அழுத்தச் சரிவு, மோசமானால் உயிருக்கே ஆபத்து. நரம்பு வழி ஏற்றும் மருந்துக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு மணி நேரத்தில் 5 அலகுதான் உச்ச வரம்பு. எழுபது கிலோ அப்பாவுக்கு 350. அந்த வாரமே குதிரைலாட நண்டின் ரத்தத்தில் இருந்து தயாரிக்கும் சோதனைக் கருவிப்பெட்டியை வாங்கி அளந்தோம். என் அழகான, ஜெல்லில் ஒற்றைக் கோடாகத் தெரிகிற, 'சுத்தமான' நொதியில் ஒரு மில்லிலிட்டருக்குள்ளேயே பல ஆயிரம் அலகு இருந்தது. அந்த எண்ணைப் பார்த்த பிறகு அப்பாவுக்கு ஃபோன் செய்து, "முடியாதுப்பா" என்றேன். காரணத்தைச் சொன்னேன். "சரி தாயி. நீ கேட்டுப் பாத்தியே, அது போதும்" என்றார்.

இந்த ஒரு விஷயத்துக்காகவே இதை எழுதத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். உயிருக்குப் போராடும் ஒருவரின் வீட்டார் இணையத்தில் தேடும்போது 'எம்.ஆர்.எஸ்.ஏ.வைப் பத்து நிமிடத்தில் கொல்லும் நொதி' என்று கண்ணில் படும். அது பொய்யில்லை, என் கண்ணால் பார்த்தது. ஆனால் குவெட்டில் கொல்வதற்கும் உடம்பில் குணமாக்குவதற்கும் நடுவில் இருக்கும் வேலை மிகப் பெரியது. ஆய்வகப் புட்டியை யாராவது விலைக்குத் தருவதாகச் சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள். உண்மையான மருந்து ஆய்வு நம் நாட்டில் நடந்தால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், அதாவது சி.டி.ஆர்.ஐ. தளத்தில் அதன் எண்ணும் நடக்கும் மருத்துவமனையும் இருக்கும். யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். ஆய்வு மருந்துக்கு நோயாளியிடமே பணம் கேட்கிறார்கள் என்றால் சந்தேகப்படுங்கள்.

ஜூலையில் அப்பா ஊசிகளை முடித்த சமயத்தில் அந்தச் செய்தி வந்தது. எக்ஸிபேகேஸின் மூன்றாம் கட்ட ஆய்வை நிறுத்திவிட்டார்கள். இடைக்கால ஆய்வில், தொடர்ந்தாலும் பலன் தெரியப்போவதில்லை என்று கண்காணிப்புக் குழு சொல்லிவிட்டது. எங்கள் ஆய்வகத்தில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த எண்களோடு நான் நிறைய நேரம் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாம் கட்ட ஆய்வில், ரத்தத்தில் ஸ்டாஃப் தொற்று இருந்தவர்களுக்கு வழக்கமான ஆன்டிபயாடிக்கோடு ஒரே ஒரு முறை லைசின் கொடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் 14ஆம் நாள் தேறியவர்கள் 70.4 சதவீதம், லைசின் இல்லாதவர்களில் 60. எம்.ஆர்.எஸ்.ஏ. இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது 74.1க்கு 31.3. அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. நானும் அதை வைத்துத்தான் என் ஆய்வுத் திட்டத்தின் முதல் பத்தியை எழுதியிருந்தேன். ஆனால் சதவீதத்தைப் பிரித்தால் அது 27 பேரில் 20, 16 பேரில் 5. அவ்வளவு சிறிய கூட்டம். மூன்றாம் கட்டத்தில் 259 பேரைச் சேர்த்த நிலையில் நிறுத்தினார்கள். அதில் எம்.ஆர்.எஸ்.ஏ. நோயாளிகளில் லைசின் வாங்கிய 64 பேரில் 32 பேர் தேறினார்கள், வாங்காத 33 பேரில் 20 பேர். 50 சதவீதம், 60.6 சதவீதம். நிலைமை தலைகீழாகிவிட்டது. எக்ஸிபேகேஸை உருவாக்கிய கான்ட்ராஃபெக்ட் நிறுவனம் 2023 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது.

இதை வைத்து லைசின் தோற்றுவிட்டது என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. ஒரு மருந்து, ஒரே ஒரு தவணை, ரத்தத் தொற்று என்ற ஒரு நோய். அதில் பலன் தெரியவில்லை. அவ்வளவுதான் தெரிந்தது. ஆனால் 'அடுத்த பென்சிலின்' என்று பேசுகிறவர்களோடும் இப்போது உடன்பட முடியவில்லை. இதுவரை பெரிய ஆய்வுகள் எல்லாமே ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துத்தான். அதற்குப் பதிலாக அல்ல.

குவெட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை அந்த வருஷக் கடைசியில் நானே பார்த்தேன். அதுவரை எல்லாச் சோதனையையும் பஃபர் என்ற சுத்தமான உப்புக் கரைசலில், துள்ளி வளர்கிற இளம் பாக்டீரியாவை வைத்துத்தான் செய்துகொண்டிருந்தேன். அப்பாவின் மூட்டு பஃபர் இல்லையே என்று தோன்றியது. நெறிமுறைக் குழு அனுமதியோடு வந்த மூட்டு நீரில் அதே பாக்டீரியாவைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அது திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகச் சேர்ந்துகொண்டது. மூட்டு நீரில் ஸ்டாஃப் இப்படிக் கட்டிக்கொள்ளும் என்பது தெரிந்த விஷயம்தான், ஆன்டிபயாடிக் சரியாக உள்ளே போகாததற்கு அதுவும் ஒரு காரணம். நொதியை விட்டேன். கட்டிகள் உடைந்தன, ஆனால் பத்து நிமிடத்தில் இல்லை, முழுசாகவும் இல்லை. தட்டில் பரப்பி எண்ணியபோது பஃபரில் இருந்ததைவிடப் பல மடங்கு பாக்டீரியா பிழைத்திருந்தது.

இந்தத் துறைக்கு வரும் மாணவர்களுக்காக இங்கே கொஞ்சம். கலங்கல் தெளிவதை மட்டும் நம்பாதீர்கள்; கட்டி சேர்ந்து அடியில் தங்கினாலும் மேலே தெளிந்துதான் தெரியும். கட்டாயம் தட்டில் எண்ணுங்கள். எண்ணும்போது மாதிரியோடு ஒட்டிப் போகும் நொதி தட்டிலும் கொல்லும், அதைச் செயலிழக்கவைத்து அல்லது நன்றாக நீர்க்கவைத்துப் பரப்புங்கள். ஸ்டாஃபை வெட்டும் லைசின்கள் பலவற்றில் வெட்டும் பகுதிக்குக் கால்சியம் வேண்டும். நான் பழக்கதோஷத்தில் பஃபரில் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. போட்டுவிட்டு, நொதி செத்துவிட்டது என்று இரண்டு மாதம் அழுதிருக்கிறேன். கால்சியம் சேர்த்ததும் எழுந்துகொண்டது. உறையவைத்து உருக்கி, திரும்ப உறையவைக்காதீர்கள். சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வையுங்கள். நோயாளியின் உடம்பில் எந்தத் திரவம் இருக்கிறதோ அதில் முதல் வருஷமே சோதியுங்கள், மூன்றாவது வருஷம் அல்ல. எண்டோடாக்சினை முதல் மாதமே அளந்து பாருங்கள்.

உறவுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் இன்னொன்று: "ஐ.சி.யு.வில் கிளெப்சியெல்லான்னு சொல்றாங்க, அதுக்கு இது கேக்குமா?" கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் எல்லாம் கிராம் நெகட்டிவ் வகை. அவற்றுக்குச் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. வெளியிலிருந்து விடும் சாதாரண லைசின் அந்தச் சவ்வைத் தாண்டாது. சவ்வைக் கிழிக்கும் சிறு துண்டை நொதியோடு ஒட்டி ஆர்ட்டிலைசின் என்று பெல்ஜியத்தில் லூவென் பல்கலைக்கழகத்தார் செய்தார்கள், அந்த வழியில் பலர் முயல்கிறார்கள். நம் ஊர் ஐ.சி.யு.க்களை அதிகம் வாட்டுவது அந்த வகைதான் என்பதால், எனக்கு அந்த வேலைமேல்தான் இப்போது கண்.

அப்பாவுக்குச் செப்டம்பரில் புது மூட்டு வைத்தார்கள். அதற்கு முன்னால் செய்த ஒரு சின்னக் காரியத்தை முதல் அறுவைக்கு முன்னாலேயே நாங்கள் கேட்டிருக்க வேண்டும். மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு ஸ்டாஃப் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மூக்கில் அது சும்மா குடியிருக்கும், தொந்தரவு தராது. கத்தி வைக்கிறபோது அங்கிருந்து புண்ணுக்குப் போகலாம். அப்பாவுக்கு இருந்தது. ஐந்து நாள் மூக்கில் மியூபிரோசின் களிம்பு, தினமும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் குளியல். செலவு சில நூறு ரூபாய். மூட்டு மாற்று, இதய அறுவை என்று நாள் குறித்த அறுவைக்குப் போகிறவர்கள் மருத்துவரிடம் "மூக்குல ஸ்டாஃப் பாக்கணுமா சார்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெங்களூரில் காங்காஜென் நிறுவனம் உருவாக்கிய பி128 என்ற புரதத்தை முதலில் மனிதர்களிடம் சோதித்தது இந்த மூக்கு வேலைக்குத்தான். ஒரு ஃபேஜின் வாலில் இருக்கும் சுவர் வெட்டியை, ஸ்டாஃப் சுவரைப் பிடித்துக்கொள்ளும் இன்னொரு துண்டோடு சேர்த்துச் செய்தது அது. கங்கையைப் பெயரில் வைத்திருக்கும் அந்த நிறுவனத்தைப் பற்றிச் சொன்னபோது அப்பாவுக்கு ஹாங்கின் கதை ஞாபகம் வந்துவிட்டது.

அப்புறம், ஒரு நோட்டு போடுங்கள். எந்தத் தேதி என்ன மருந்து தொடங்கியது, எந்தத் தேதி நிறுத்தியது, கல்ச்சர் எப்போது, உடம்பில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. எவ்வளவு. அம்மா மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்த தேதிகளை வைத்துத்தான் மதுரை மருத்துவர் மார்ச், ஏப்ரலில் நடந்ததைப் புரிந்துகொண்டார்.

மே மாதம் அப்பாவின் காலில் வளர்ந்த அந்தக் கிருமியை, அப்பாவின் சம்மதமும் மேடத்தின் அனுமதியும் கடிதங்களும் எல்லாம் முடித்து எங்கள் ஆய்வகத்துக்கு வாங்கினேன். குழாயில் பெயர் இல்லை, ஓர் எண்தான். முதல்நாள் பஃபரில் என் நொதியை விட்டபோது ஒன்பது நிமிடத்தில் தெளிந்தது. அதைக் கைபேசியில் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். மூட்டு நீரில் எப்படி என்று கேட்டார். அங்கே பாதிதான் என்று அதையும் மறைக்காமல் சொன்னேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, டீக்கடைக்குப் போய்வந்து திண்ணையில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டே கேட்டார்.

"அது இன்னும் அங்க உசுரோடயா இருக்கு?"

"மைனஸ் எண்பதுல உறைஞ்சு கிடக்குப்பா. வேணும்னா எழுப்பலாம்."

"பத்திரமா வச்சிரு. நீ அடுத்து எதைச் செஞ்சாலும் முதல்ல அது மேல போட்டுப் பாரு. மூட்டுத் தண்ணியில போட்டுப் பாரு, சும்மா தண்ணியில வேண்டாம்."